புகைப்புரைக்குள் ஐந்து பேர்

மழை நாளில் ரப்பர் மரத்தில் கத்தி வைப்பதில்லை. வைத்தால் பால் சிரட்டைக்குள் விழாது. மழைத் தண்ணீரோடு கலந்து பட்டை வழியே மண்ணுக்குப் போகும். அதனால் பவுலுஸ் டோப்னோ அன்று விடிந்த பிறகும் தன் தகர ஷெட்டுக்குள்ளேயே இருந்தான். பேச்சிப்பாறைக்குப் போகிற சாலையிலிருந்து மேலே ஏறினால் வருகிற எட்சனின் விளையில், அவனுடைய ரப்பர்த் தோட்டத்தில், அவன் பால்வெட்டுகாரன். ஊர் ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கம். மனைவி சலோமியையும் மகள் ஆஸ்ரிதாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தபோது ஆஸ்ரிதாவுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பு. சின்னவன் நோயல் இங்கே பிறந்தவன். மழலை விட்டுப் பேசத் தொடங்கியிருந்தான்.

அன்று வந்த புயல் காற்றுக்குப் பெயர் வைத்து, அது வரும் திசையை டிவியில் படம் போட்டுக் காட்டினார்களாம். மலையடிவாரத்துக்கு யாரும் வந்து சொல்லவில்லை. முதலில் ஷெட்டின் ஒரு தகரம் கழன்று படபடவென்று அடித்துக்கொண்டது. அதை அமுக்கிப் பிடிக்கப் பவுலுஸ் மேசை மேல் ஏறினான். அவன் பிடிக்கும் முன்பே மற்ற தகரங்கள் எல்லாம் சேர்ந்து போய்விட்டன. தலைக்கு மேல் வானம் இருந்தது. சலோமி அடுப்பிலிருந்த மரச்சீனிக்கிழங்குப் பானையைத் துணியால் கட்டித் தூக்கினாள்.

"வீடே போகுது, நீ பானையைத் தூக்குறாயே!" என்று பவுலுஸ் தங்கள் பாஷையில் கத்தினான்.

"வீட்டைத் தூக்க முடிஞ்சா அதைத் தூக்கியிருப்பேன்" என்றாள் அவள்.

விளையில் கான்கிரீட் கூரை போட்ட ஒரே கட்டடம் மேட்டிலிருந்த புகைப்புரை. பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து ரோலரில் அழுத்தி எடுக்கிற ஷீட்டுகளை அங்கே கழிகளில் தொங்கப்போட்டுப் புகை காட்டுவார்கள். தீ உள்ளே எரியாது. வெளிச்சுவரின் அடியில் அடுப்பு வாய் இருக்கிறது. அங்கே விறகும் தேங்காய்க் கதம்பையும் வைத்து மூட்டினால், தரைக்கு அடியில் போகிற குழாய் வழியாகப் புகை உள்ளே வந்து எழும்பும். கூரையில் அது வெளியேற ஒரு துவாரம். சன்னல் கிடையாது. கதவு இரும்பு. தாழ்ப்பாள் வெளிப்பக்கத்தில் மட்டும்தான். உள்ளே மனிதர் தங்குவார்கள் என்று நினைத்து யாரும் புகைப்புரை கட்டுவதில்லை.

பவுலுஸ் மண்வெட்டியால் ஈரமண்ணை வாரி அடுப்பு வாயில் போட்டுத் தீயை அணைத்தான். முழுக்க அணைந்ததா என்று கையை வைத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட்டான்.

கதவைச் சாத்தப்போன நேரத்தில் ராகேல் வந்தாள். பக்கத்து விளையில் ஓட்டு வீட்டில் தனியாக இருப்பவள். எட்சனின் அப்பாவுடைய தம்பி மனைவி. வீட்டு ஓடுகள் போய், சேலை முழங்காலுக்கு மேல் சுற்றிக்கொண்டு, மூச்சிழுப்பு வாங்க நின்றாள். எல்லைக்கல் தகராறில் அவளுக்கும் எட்சனுக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

"ஏட்டி ஆஸ்ரிதா, நகருட்டி. காத்து என்னையும் கொண்டு போயிரும்."

"இவன் விளையில கால் வைக்க மாட்டேன்னு சர்ச்சு நடையில வச்சு சொன்னியளே மாமி?"

"நான் எங்கட்டி கால் வச்சேன்? காத்துல்லா கொண்டாந்து போட்டுது."

"காத்த அனுப்பினது கர்த்தராக்கும். அவருக்கே ஒங்க சத்தியம் பிடிக்கல்ல போல."

"வாய மூடுட்டி, வாயாடிக்கு பிறந்தவளே" என்று ராகேல் சிரித்தாள். சிரிப்பு இருமலானது.

ஆஸ்ரிதாவின் தமிழ் ராகேலின் தமிழ். வந்த புதிதில் ராகேல் விளைவிளையாக, மரப்பட்டையில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பால் பொறுக்கப் போகும்போது இந்தப் பிள்ளை பின்னால் போகும். ராகேல் மரத்தோடும் மழையோடும் முதலாளிமாரோடும் சண்டை போட்டுக்கொண்டே நடப்பாள். அதைக் கேட்டுக் கேட்டு ஆஸ்ரிதாவும் அப்படியே பேசினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கிழவி என்று கூப்பிட்டார்கள்.

அப்படி இருந்தும் ராகேல் இவர்களுடைய பானையில் கைவைத்தது அன்றுதான் முதல்முறை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் ஒரே சபைக்குத்தான் போவார்கள். ராகேல் முன்பக்கம் பாயில், இவர்கள் கடைசி பெஞ்சில். சலோமி கிழங்கைப் பிட்டு, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலை அதன் மேல் வைத்துக் கொடுத்தாள். ராகேல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

"எரிப்பு கொள்ளாம்" என்று காரத்தை மெச்சி இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள்.

வெளியே மரங்கள் ஒடிகிற சத்தம் பட்டாசு போலத் தொடர்ந்து வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பவுலுஸ் தலையைத் திருப்பினான். அவன் பால் வெட்டுகிற மரங்கள். எது எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். பிறகு காற்று நின்றது. சட்டென்று, யாரோ சொன்னதுபோல் நின்றது. நனைந்த துணியோடு, ஷீட்டுகளின் கீழே, எல்லோரும் கண்ணயர்ந்தார்கள்.

அந்த அடங்கின நேரத்தில்தான் எட்சன் மேலே ஏறிவந்தான்.

ஷார்ஜாவில் இருபது வருஷம் கிடந்து சம்பாதித்து வாங்கிய விளை. ஏறுகிற வழியெல்லாம் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அவனுக்கு அழவேண்டும் போலிருந்திருக்கும், யாருக்கும் இருக்கும். மேட்டுக்கு வந்தபோது தகர ஷெட் இருந்த இடத்தில் நான்கு கால்கள் நின்றன. ஆள் இல்லை. அடுப்பு வாயில் மண். அவன் அதை வாரி எறிந்துவிட்டு, சாய்ப்பின் கீழே காய்ந்து கிடந்த கதம்பையை அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டினான். உள்ளே ஷீட் தொங்கும்போது தீ அணையக் கூடாது என்பது ரப்பர்காரனின் கைப்பழக்கம். கதவைத் திறந்து பார்க்கக் கூடாது என்பதும் பழக்கம்தான். திறந்தால் சூடு போய்விடும். அதுவரை அவன் செய்தது பழக்கம். அதற்குப் பிறகு செய்தது வேறு.

நோயல் இருமி எழுந்தான். சலோமி தாவிப்போய்க் கதவைத் தள்ளினாள். கதவு ஒரு சாண் திறந்தது. வெளியிலிருந்து அது அறைந்து சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"யாருலே உள்ள?"

"முதலாளி, நான் பவுலுஸ்."

"நீதான்னு எனக்குத் தெரியும்லே. கூட எவன் நிக்கான்?"

"சலோமி இருக்கு. பிள்ளை இருக்கு. ஷெட் போச்சு முதலாளி. காத்து."

"காத்துல ஷெட்டு போனா ஆளு என் வீட்டுக்குல்லா வரணும்? ஷீட்டு கெடக்க எடத்துக்கு எதுக்குலே போன? தீய எதுக்கு அணச்ச?"

"பிள்ளைக்குப் புகை முதலாளி…"

"போன மழையில ஒரு கெட்டு ஷீட்டு போச்சே, அதுவும் காத்துதான் கொண்டு போச்சா? எல்லாவனும் சொன்னான், இந்திக்காரன நம்பாதன்னு. நான்தான் கேக்கல்ல."

ஆஸ்ரிதா கதவில் இரண்டு கையாலும் தட்டினாள். "அங்கிள், நான் ஆஸ்ரிதா. சத்தியமாட்டு ஒண்ணும் எடுக்கல்ல. நோயலுக்கு மூச்சு முட்டுது அங்கிள். தொறந்து பாருங்க, அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யுங்க."

"நீ பேசாத குட்டி. அப்பனுக்கு வக்கீலா நீ?"

நோயல் அழுதான். அந்த அழுகை அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. காற்று அப்போது இல்லை.

"பிள்ளையக் கிள்ளி விட்டு அழ வைக்காண்டாம். ஒங்க வேலையெல்லாம் எனக்குத் தெரியும். சபைக் கமிட்டி தேவகுமாரையும் ஆளையும் கூட்டிட்டு வாறேன். எல்லாவனும் வந்து பாக்கட்டும், யாரு உள்ள நிக்கான்னு."

பூட்டு மாட்டுகிற சத்தம் கேட்டது.

"தீயையாவது அணச்சிட்டுப் போங்க அங்கிள்!"

செருப்புச் சத்தம் கொஞ்சம் நின்றது. "அணச்சா ஷீட்டு பூசணம் பூத்துப் போவும்" என்றது குரல். பிறகு செருப்பு இறங்கிப் போனது.

இவ்வளவு நேரமும் ராகேல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

சலோமி அவள் முன்னால் வந்து நின்றாள். சலோமிக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கோபத்தில் அதுவும் துண்டு துண்டாகத்தான் வரும்.

"நீ ஏன் பேசல? உன் ஆளு. உன் மகன் மாதிரி. நீ ஒரு வார்த்தை. ஏன் பேசல?"

"தொறப்பான்னு நெனச்சேன்."

"தொறக்கல."

"தொறந்த பெறவு, நான் பாட்டுக்கு ஒண்ணும் பேசாம எறங்கிப் போயிரலாம்னு பாத்தேன். அவன்கிட்ட போயி, எலே தொறலேன்னு கெஞ்சுவனா நான்? பெறவு அவன் களவாணின்னு சொன்னப்போ…" ராகேல் நிறுத்தினாள். "நானும் கூட நின்னு களவாண்டேன்னு ஊரு பறையும். இந்த வயசுல எனக்கு அது வேணுமா?"

"எங்களுக்கு வேணுமா?" என்றாள் ஆஸ்ரிதா.

ராகேல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எட்சன் மோசக்காரன் ஒண்ணும் இல்ல. வந்திருவான். இப்ப வந்திருவான்" என்றாள்.

காற்றுதான் வந்தது. முன்பு வந்ததற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஒரு பக்கம் வேர் தளர்ந்திருந்த மரங்கள் மறுபக்கமாகச் சாய்ந்தன. புகைப்புரைக்கு முன்னால் நின்ற பெரிய மரம் கதவின் குறுக்கே விழுந்தது. கட்டடம் அதிர்ந்தது, இரும்புக் கதவு உள்பக்கமாக வளைந்தது. மரத்தின் தலைக்கொப்பு கூரை மேல் படர்ந்து துவாரத்தை மூடியது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்த புகை திரும்பிக் கீழே வந்தது.

கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. சலோமி நோயலை அங்கே குப்புறப் படுக்கவைத்து அவன் மூக்கை அதில் வைத்தாள். பவுலுஸ் ஷீட் தொங்கவிடுகிற கழியை எடுத்துக் கதவை நெம்பினான். கழி ஒடிந்தது. வேறொரு கழியால் கூரைத் துவாரத்தைக் குத்தினான். இலைதான் உதிர்ந்தது.

"குழாயை அடை" என்றாள் சலோமி. "ஷீட்டை எடுத்து அடை."

பவுலுஸ் தொங்குகிற ஷீட்டுகளைப் பார்த்தான். முந்தின வெட்டில் எடுத்த ஷீட்டுகள் இன்னும் வெள்ளை மாறாமல் ஈரமாக இருந்தன. அவன் கை மேலே போய், பாதியில் நின்றது. ஒரு ஷீட்டில் அழுக்குக் கை பட்டாலே எட்சன் சத்தம் போடுவான்.

"முதலாளி கேட்டா…" என்றான்.

சலோமி அவனை ஓங்கி அறைந்தாள். பிள்ளைகள் முன்னால் அவள் அப்படிச் செய்தது கிடையாது.

"களவாணின்னு சொல்லிட்டுப் போறான். அவன் ஷீட்டை நீ காக்குறாயா? உன் பிள்ளை பெரிசா, அவன் ஷீட்டு பெரிசா?"

அவளே எட்டி ஒரு ஷீட்டை இழுத்தாள். பிறகு பவுலுஸும் இழுத்தான். ஈர ஷீட்டுகளை மடித்து மடித்துப் புகை வருகிற குழி மேல் அடுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்த ஷீட் சூடேறி ரப்பர் நாற்றம் வந்தது. பவுலுஸ் பயந்து பின்வாங்கினான். ரப்பர் தீப்பிடித்தால் பிறகு யாரும் வந்து பிரயோஜனம் இல்லை.

"வெள்ளம் ஊத்தணும்" என்றாள் ஆஸ்ரிதா. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வெள்ளத்துக்கு எங்கட்டி போவ?" என்றாள் ராகேல். இழுப்புக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. "உள்ளதுதான் உண்டு. அவன் ஷீட்டுக்கு அது போதும். எல்லாவரும் அந்தால திரும்புங்க. பவுலுசே, நீதாம்லே முதல்ல."

ஒருவர் மாற்றி ஒருவர் ஷீட்டின் மேல் ஒன்றுக்குப் போனார்கள். ராகேலை ஆஸ்ரிதா தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "எட்சன் ஷீட்டு ஒண்ணாம் தரம்னு குலசேகரத்துல பேரு உண்டு" என்று ராகேல் சொன்னாள். "இதுக்கு என்ன தரம் போடுவானோ." சலோமிகூடச் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே கோபம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புகை குறைந்தது. நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஓரங்களில் கசிந்தது. தலை கனத்தது. பவுலுஸ் ஒரு மூலையில் வாந்தி எடுத்தான். கதவின் அடியில் மூக்கு வைக்க இடம் இரண்டு பேருக்குத்தான். நோயல் எப்போதும் அங்கேயே கிடந்தான். இன்னொரு இடத்தில் ஆஸ்ரிதாவும் பவுலுஸும் சலோமியும் மாறி மாறிப் படுத்தார்கள். ராகேல் முழங்கையால் ஊர்ந்து அங்கே வந்தபோது சலோமி காலை நீட்டி வழியை மறித்தாள்.

"பேசாம இருந்தாள்ல. பேசாமலே இருக்கட்டும்" என்று மகளிடம் தங்கள் பாஷையில் சொன்னாள்.

ராகேலுக்குப் பாஷை தெரியாது. கால் தெரிந்தது. அவள் மறுபடி சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டாள். அவளுடைய மூச்சு, ஓட்டை விழுந்த பந்தை அமுக்குவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்ரிதா அம்மாவைப் பார்த்தாள். தன்முறை வந்தபோது எழுந்துபோய் ராகேலின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்துவந்து அந்த இடத்தில் போட்டாள். சலோமி காலை எடுத்தாள். ஆனால் அதற்குள் நேரம் போயிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் காற்று ஓய்ந்தது. ஆட்கள் ஏறிவருகிற சத்தம் கேட்டது. எட்சன், மரம் அறுக்கிற மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு தேவகுமார், கூட இரண்டு மூன்று பேர். தேவகுமார் சபைக் கமிட்டியின் செயலாளர்.

"உள்ளதான் இருக்கானா?" என்று கேட்டான் தேவகுமார்.

"பூட்டு கெடக்கு பாரு" என்றான் எட்சன்.

"மரம்லா கெடக்கு கதவுல."

பவுலுஸ் கழியால் கதவைத் தட்டினான். "முதலாளி! பிள்ளை முடியல முதலாளி!"

"ஆளு உசிரோடத்தான் இருக்கான்" என்றான் தேவகுமார். "பெறவு என்ன? இங்க மெஷின இறக்கினா ரோட்டுல கெடக்க மரத்தை யாரு அறுப்பா? ஒரு ஆம்புலன்சு வர வழி இல்ல. ரோட்ட தொறந்துட்டு, போலீசையும் கூட்டிட்டு வருவோம். களவாணி எங்கயும் ஓட மாட்டான்."

"சின்னப்பிள்ள உண்டும்னு சொன்னியளே. புகை வருதே" என்றது ஒரு குரல்.

"அதுகளுக்குப் புகை பழக்கமாக்கும். ஊர்ல விறகடுப்புதான" என்றான் தேவகுமார்.

ஆஸ்ரிதா கத்தினாள். அங்கிள் என்றாள். ஐயா என்றாள். தன் பெயரைச் சொன்னாள், தம்பியின் பெயரைச் சொன்னாள், சபையில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்கள் நாங்கள் என்றாள். கால்கள் திரும்பின.

ராகேல் வாயைக் கதவின் அடியில் வைத்தாள்.

"எலே எட்சா."

கால்கள் நின்றன.

"நில்லுலே. நான் ராகேலாக்கும்."

"சித்தியா? சித்தி… நீங்க எங்க கெடக்கிய?"

"நீ பூட்டின எடத்துலதாம்லே கெடக்கேன்."

"ஐயோ! தேவா, மெஷின எடு! எடுப்பா! நம்ம ஆளு உள்ள கெடக்கு!"

நம்ம ஆளு. அதை உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பவுலுஸ் தலை குனிந்துகொண்டான். சலோமி நோயலின் முதுகில் கையை அழுத்தினாள். ராகேலும் கேட்டாள். அவள் ஆஸ்ரிதாவின் கையைத் தேடிப் பிடித்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இழுப்புதான் வந்தது.

மெஷின் அலறத் தொடங்கியது. மரத்தூள் கதவின் அடியில் பறந்து வந்து நோயலின் முகத்தில் ஒட்டியது. சத்தத்துக்கு நடுவில், எப்போது என்று தெரியாமல், ஆஸ்ரிதாவின் கையைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போனது. அவள் குனிந்து பார்த்தாள். ராகேலின் கண்கள் பாதி திறந்திருந்தன. நெஞ்சில் காதை வைத்தாள். சத்தமில்லை. உதட்டருகே விரலை வைத்தாள். மூச்சு படவில்லை.

சங்கிலி மரத்தில் மாட்டி மெஷின் நின்றது. வெளியே அமைதி.

"சித்தி? இப்ப எடுத்திருவோம் சித்தி. சித்தி? என்ன ஒண்ணும் பேச மாட்டேங்கிய?"

யாரும் பேசவில்லை.

"எட்சா, போயிட்டாவ போல" என்றான் தேவகுமார் மெதுவாக. ஆனால் உள்ளே கேட்டது. "போயிருந்தா இனி நாம தொடப்பிடாது. ஆளு செத்த எடத்துல கை வைக்கக் கூடாது. போலீஸ் வந்து பாத்த பெறவுதான் அறுக்கணும். இல்லன்னா எல்லாம் நம்ம தலையில விழும். நான் சொல்லுதத கேளு, மெஷின எடுத்துட்டு எறங்குவோம்."

எட்சன் அவனைத் தடுக்கவில்லை. மெஷினை மரத்திலிருந்து இழுத்தெடுக்கிற சத்தம் உள்ளே கேட்டது.

ஆஸ்ரிதா கதவின் அடியில் வாயை வைத்தாள். காலையிலிருந்து புகை குடித்த தொண்டை கரகரத்திருந்தது. ராகேலைப்போலப் பேச அவள் எதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. மரியாதையை மட்டும் எடுத்துவிட்டாள்.

"செத்துட்டேன்னு சொல்லிட்டு லேசா எறங்கிரலாம்னு பாக்கியா தேவகுமாரு? ஒன் மவன் கல்யாணத்துல ஒரு பந்தி இருந்து திங்காம நான் சாவ மாட்டேன் பாத்துக்க."

சலோமி திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு ராகேலைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சித்தி!" என்று எட்சன் அழுதே விட்டான். "பயமுறுத்திட்டியளே!"

"அழுகை பெறவு அழலாம். முதல்ல தீய வாருலே. இன்னும் எரியுதுலா அடுப்புல? ஷீட்டு பூத்துப் போவும்னு வச்சிருக்கியா?"

கொப்புகளுக்கு இடையில் எட்சன் புகுந்து போகிற சத்தம் கேட்டது. தீக்கங்கு வாரிப் போடுகிற சத்தம். கையைச் சுட்டுக்கொண்டு அம்மா என்றான்.

"வாரிட்டேன் சித்தி."

"மண்ணப் போடு. நல்லாப் போடு. மெஷின் ஏன் நிக்கு? ஒங்களுக்கு சாயா போட்டுத் தரணுமா?"

மெஷின் மறுபடி அலறியது. அது நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஆஸ்ரிதா பேசினாள். பேச்சு நின்றால் மெஷின் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தடவை அது நின்றபோது எட்சன் கதவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பேசினான்.

"சித்தி, எம்மேல கோவப்படாதீங்க. நீங்க உள்ள உண்டும்னு தெரிஞ்சா நான் செய்வனா?"

"என்னது செய்வியா?"

"பூட்டுவனா? தீ போட்டுட்டுப் போவனா? அந்த இந்திக்காரனுவ மட்டும்தான்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் கெடந்து இருமட்டும், புத்தி வரும்னு…"

"பிள்ள அழுதது கேக்கலியா?"

"கேட்டுது."

"அந்தக் குட்டி கெஞ்சினாளே, தொறந்து பாருங்கன்னு. அது?"

"கேட்டுது சித்தி. அதுக அப்பிடித்தான் நடிக்கும்னு தேவா சொல்லுவான். நான் நம்பிட்டேன். விட்டிருங்க சித்தி. வீட்டுக்கு வாங்க, ஒங்க எல்லைய நான் இனி கேக்கவே மாட்டேன்."

ஆஸ்ரிதா நெற்றியைச் சிமென்ட் தரையில் வைத்து அழுத்தினாள்.

"மரத்த அறுலே" என்றாள்.

மரம் இரண்டாகிப் புரண்டது. பூட்டு திறந்தது. வளைந்த கதவைக் கம்பி போட்டு நெம்பினார்கள். புகை முதலில் வெளியே வந்தது. பிறகு நோயலைத் தோளில் போட்டுக்கொண்டு சலோமி வந்தாள். வெளிக்காற்று பட்டதும் பிள்ளை இருமி, வாந்தியெடுத்து, அழுதான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எட்சன் சலோமியைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சித்தி எங்க?"

பவுலுஸும் ஆஸ்ரிதாவும் ராகேலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் ஒடிந்த கொப்புகளின் மேல் கிடத்தினார்கள். எட்சன் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினான். கன்னத்தைத் தட்டினான். கை எப்போதோ குளிர்ந்திருந்தது.

"இப்ப… இப்பந்தான பேசினிய? சித்தி, இப்பந்தான எங்கிட்ட பேசினிய?"

"அவிய போயி நேரமாச்சு" என்றாள் ஆஸ்ரிதா. "மெஷின் முதல்ல ஓடும்போதே போயாச்சு."

"பெறவு யாரு பேசினா?"

"நானாக்கும்."

அதே குரல். அங்கே நின்றவர்களில் ஒருவன் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டான்.

"நான் பேசினா நீங்க கேக்க மாட்டிய. கேட்டுப் பாத்தேன். அதனால அவிய பேசின மாதிரி பேசினேன்."

எட்சன் அவளையே பார்த்தான். தான் எதையெல்லாம் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு ஒவ்வொன்றாகத் தெரிவது முகத்தில் தெரிந்தது.

தேவகுமார்தான் முதலில் சுதாரித்தான். எட்சனின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "இங்க பாரு. மாவட்டம் முழுக்க மரம் விழுந்து ஆளு செத்துக் கெடக்கு. அதோட இதுவும் ஒண்ணு. வீட்டு மேல மரம் விழுந்துது, போயிட்டா. அவ்வளவுதான். தூக்குங்கடே, அவிய வீட்டுல கொண்டு போடுவோம். போலீஸ் வந்தா அங்க பாத்துக்கட்டும்." பவுலுஸின் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்லுவ? மரம் விழுந்துது. அப்பிடித்தான?"

எட்டு ஒன்பது வருஷமாக இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பவுலுஸ் "சரி முதலாளி" என்றுதான் சொல்லியிருக்கிறான். இப்போது அவன் வாயைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். சரி என்று சொல்லவில்லை.

"ஏலே, ஒங்கிட்டதான் கேக்கேன்."

சலோமி நோயலைப் பவுலுஸின் கையில் கொடுத்தாள். ராகேலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த சேலையைக் கீழே இழுத்துவிட்டாள். பிறகு தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொடாதே" என்றாள்.

"என்னது?"

"நீ சொன்ன. செத்த இடம், கை வைக்கக் கூடாது. போலீஸ் வரணும். நீ சொன்ன. நான் கேட்டேன். தொடாதே."

தேவகுமார் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தான். இரண்டு பேர் ஒரு அடி முன்னால் வந்தார்கள். பவுலுஸ் பிள்ளையோடு நகர்ந்து ராகேலின் காலருகே நின்றான். எட்சன் கங்கில் வெந்து அவித்த மாதிரி இருந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "மக்கா…" என்று ஆஸ்ரிதாவைக் கூப்பிட்டான். இத்தனை வருஷத்தில் அவளை அவன் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. "மக்கா, சொன்னாக் கேளு மக்கா."

அவள் அவனைப் பார்க்கவில்லை. உடலுக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அங்கயே நில்லுங்கடே" என்றாள், ராகேல் சொல்வதுபோல.

நின்றார்கள்.